யன்னலில் கட்டிய கொடி

“அப்ப செஞ்சிலுவைக்காரர் உங்கட ஊருக்கும் வந்திட்டாங்க, என்ன?”

“இல்ல அண்ணன். அது அவங்கட கொடி. இங்கிலாந்துக் கொடி.”

“எனக்கென்ன கண் தெரியாதா? வெள்ளையில சிவப்புச் சிலுவை. தெரு முழுக்கக் கட்டிக் கிடக்கு. இவ்வளவு பேர் உதவிக்கு வாறத்துக்கு அங்க என்ன நடந்த?”

றொசானிக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே போய்விட்டது. அண்ணன் ஜெயராஜா, மட்டக்களப்பு வீட்டு முற்றத்தில், திருத்த வந்த நீர்ப்பம்பு ஒன்றைச் சாக்கின் மேல் பிரித்துப் பரப்பியிருந்தார். எண்ணெய்க் கை படாமல் இரண்டு மணிக்கட்டுகளுக்கும் நடுவில் போனைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். படத்தில் இருந்தது இங்கிலாந்தில் அவளுடைய தெரு. விளக்குக் கம்பத்துக்கு ஒன்றாகக் கொடிகள் தொங்கின.

அண்ணனைக் குறை சொல்ல முடியாது. யுத்த காலத்தில் அந்தச் சிலுவையைக் கண்டால்தான் மட்டக்களப்பில் பலருக்கு மூச்சு வரும். அந்தக் கொடி கட்டிய வண்டி தெருவில் நுழைந்தால் வெடிச்சத்தம் கொஞ்சம் ஓயும், மருந்து வரும், தடுப்பு முகாமில் இருக்கிற பிள்ளையின் கையெழுத்தில் கடிதம் வரும். கோடை தொடங்கியபோது ஒருநாள், முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கிய றொசானியும் அதே பிழையைத்தான் விட்டாள். காற்பந்துக் காலத்தில் எத்தனையோ தடவை கண்ட கொடிதான். ஆனால் கம்பம் கம்பமாக அதைக் கண்டதும் கண் தன்பாட்டுக்கு யாருக்குக் காயம் என்று தேடியது. பிறகுதான், தெருவில் அன்று பயந்தவள் தான் ஒருத்திதான் என்று விளங்கியது.

“மாமா, நல்லாப் பாருங்க. செஞ்சிலுவையில சிலுவை நடுவில மட்டும்தான். இதில ஓரம் வரைக்கும் போகுது,” என்றாள் மகள் டினோஷா. வீட்டுக்குள் பேசிப் பழகிய தமிழ் என்பதால், இங்கிலாந்தில் பிறந்தவள் மட்டக்களப்புத் தமிழே பேசினாள். “அடுத்த படத்தப் பாருங்க.”

ஜெயராஜா மூக்கு நுனியால் திரையைத் தள்ளினார். நண்டு உடைத்துக்கொண்டிருந்த அண்ணனின் மனைவி, மச்சாள் செசீலியாவும் எட்டிப் பார்த்தாள்.

“இது உங்கட வீடு போல கிடக்கு?”

“எங்கட வீடுதான். அது என்ட ரூம் யன்னல். அப்பா கட்டின. அம்மாதான் ஏணியப் பிடிச்ச.”

செசீலியா நண்டைப் பார்த்துக்கொண்டே, “பிள்ள காலையில பாஸ்போட்டத் தந்து ஒளிச்சி வைக்கச் சொன்னவ. அரிசி வாளிக்குள்ள கிடக்கு,” என்றாள்.

றொசானி திடுக்கிடவில்லை. நாளை மறுநாள் விமானம். அந்தக் கொடி தொங்குகிற வீட்டுக்கு வரமாட்டேன் என்று மகள் வந்த நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறாள். பிடிவாதத்தில் அவள் தகப்பன்.

அண்ணன் கேட்காமலேயே றொசானி சொல்லத் தொடங்கினாள். கடற்கரைப் பக்கம் இருந்த பழைய ஹோட்டல் ஒன்றில் அகதிகளைக் கொண்டுவந்து இருத்தினார்கள். சனிக்கிழமைகளில் அதற்கு முன்னால் கூட்டம் கூடியது. கூட்டத்தில் அவளுக்குத் தெரிந்த முகங்களும் இருந்தன, மீன் பொரியல் கடைக்காரர், டினோஷாவின் பள்ளித் தோழி ஒருத்தியின் தாய். எல்லாரையும் அனுப்பிவிடுவோம் என்று வாக்குக் கேட்டவர்கள் அந்த வட்டாரத்தில் வென்றார்கள். முதியோர் இல்லத்தில் அவள் குளிப்பாட்டும் கிழவி, “உன்னையும் அனுப்பிவிடுவார்களா? அப்படியென்றால் என் தலையை யார் கழுவுவது?” என்று உண்மையான கவலையோடு கேட்டாள். பிறகு ஒருநாள் பஸ்ஸில் ஒருவன் டினோஷாவின் சீருடைப் பையைக் காலால் தள்ளி, உன் ஊருக்குப் போ என்றான். பஸ் போன அதே ஊரின் ஆஸ்பத்திரியில்தான் அவள் பிறந்தாள். யாரும் எழும்பி எதுவும் சொல்லவில்லை. அவன் இறங்கிய பிறகு ஒரு பெண் அவளுக்கு டொபி இனிப்பு ஒன்று கொடுத்தாளாம்.

“அதுக்குப் பிறகுதான் பக்கத்து வீட்டு மனிசன் கொடியக் கொண்டுவந்து தந்தவர். நல்ல மனிசன் அண்ணன். பனி கொட்டினா எங்கட வாசலையும் சேத்துத்தான் வழிப்பார். நீங்க அவங்களப் போல இல்ல, உழைச்சிச் சாப்பிடுற ஆக்கள், இதக் கட்டினா உங்களுக்கு ஒருத்தரும் ஒண்டும் செய்யமாட்டாங்க எண்டு சொன்னவர். இவருக்கும் அது சரியாப் பட்டிச்சு.”

இவர் என்றது கணவன் சுஜீவனை. தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவே லொறிக்குள் ஒளிந்து அந்த நாட்டில் இறங்கியவன் அவன். இப்போது ஹோட்டலில் இருக்கும் அகதிகளைப் பற்றிக் கதை வந்தால், முறையாக வந்திருக்கலாமே என்கிறான். அவன் பொய் சொல்கிறான் என்று றொசானிக்குத் தோன்றவில்லை. அந்த லொறியை அவன் உண்மையாகவே மறந்துவிட்டிருந்தான்.

“கழட்டச் சொன்னா என்ன?” என்றாள் செசீலியா.

“கட்டாம விட்டிருந்தா ஒருத்தரும் கேட்டிருக்கமாட்டாங்க மச்சாள். இனிக் கழட்டினாத்தான் கேப்பாங்க.”

வாவிப் பக்கமிருந்து கச்சான் காற்று சுடச்சுட வந்து முற்றத்து மணலைப் பம்பின் பாகங்களுக்கு மேல் தூவியது. ஜெயராஜா போனை மருமகளின் மடியில் போட்டுவிட்டு, பாகங்களைப் பழைய சறத் துணியால் மூடினார்.

“இதில என்ன பிழை? நாமளும் செஞ்சதானே. தொண்ணூறில ஆமிக்காரன் வீடு வீடா வாறான் எண்டொன்ன, உங்கட அம்மப்பா மாதா சுருவத்தத் தூக்கிக் கொண்டுபோய் வாசல்ல வெச்சவர். மாதாவக் கண்டா அவனும் கும்பிடுவான் எண்டு.”

“கும்பிட்டானா?”

“கும்பிட்டானாவா? தொப்பியக் கழட்டினான். சப்பாத்தையும் கழட்டி மாதாவுக்குப் பக்கத்தில சோடியா வெச்சிப்போட்டு, வெறுங்காலோட உள்ள வந்தான். உங்கட அம்மா சின்னப்பிள்ள. சப்பாத்துக்குள்ள மண் அள்ளிப் போட்டவ.”

செசீலியா சிரித்தாள். றொசானியும் சிரித்தாள். இந்தக் கதை இந்த வீட்டில் எப்போதும் சிரிப்போடு இந்த இடத்தில் நின்றுவிடும். கலியாண வீட்டிலும் நத்தாரிலும் எத்தனையோ தடவை சொல்லப்பட்ட கதை. ஒருவரும் அதற்கு மேலே போனதில்லை. டினோஷாவுக்கு அது தெரியாது.

“மறுகா? பிறகு என்ன நடந்த?” என்றாள்.

ஜெயராஜா சறத்தின் நுனியை மடித்தார். பிறகு விரித்தார். றொசானி தன்னையறியாமல் சுவரைப் பார்த்தாள். மூத்த அண்ணன் பிறின்ஸின் படம், பிளாஸ்டிக் ரோசாப்பூ மாலையோடு, பத்தொன்பது வயதிலேயே நின்றது.

“மறுகா பெரிய மாமாவக் கூட்டிக்குப் போனாங்க,” என்றார் ஜெயராஜா. “போகக்க சப்பாத்துக்குள்ள இருந்த மண்ணத் தட்டிப்போட்டு, திரும்பக் காலில போட்டுக்குப் போனான்.”

சட்டிக்குள் ஒரு நண்டுக் கால் இன்னும் அசைந்தது. மாதாவைத் தூக்கி வைக்காமல் இருந்திருந்தாலும் அவர்கள் வந்திருப்பார்கள் என்று றொசானிக்குத் தெரியும். ஆனாலும் அப்பா சாகும்வரை அந்த மாதா சிலையைத் திரும்ப வீட்டுக்குள் எடுக்கவில்லை. ஏன் என்று அவள் கேட்டதுமில்லை. அது மதிலோரம், மழையில் நிறம் கரைந்து, நின்ற இடத்திலேயே நின்றது.

டினோஷாவின் மடியில் போன் அதிர்ந்தது. சுஜீவன். அங்கே ஞாயிறு காலைப் பூசை முடிந்திருக்கும்.

“என்ன மகள், பெட்டி கட்டியாச்சா? உன்ட ரூமக் கூட்டித் துடைச்சி வெச்சிருக்கன், பார்.” அவன் போனைச் சுற்றிக் காட்டினான். மேசை, புத்தகங்கள், புதிதாக விரித்த கட்டில். யன்னலுக்கு வெளியே வெயில் அடித்தது. அது கொடிக்குள்ளால் வந்ததில், வெள்ளைப் படுக்கை விரிப்பின் மேல் சிவப்பாக ஒரு பட்டை கிடந்தது. அவன் கட்டிலில் உட்கார்ந்தபோது அந்தப் பட்டை அவன் கன்னத்தில் ஏறியது. அது அவனுக்குத் தெரியவில்லை. ஷேவ் எடுத்து, பூசைக்கு உடுத்த சட்டையோடு, மகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அந்தச் சிரிப்பைக் கண்டதும் றொசானிக்கு ஏணியின் குளிர்ந்த இரும்பு உள்ளங்கையில் திரும்ப வந்தது. அன்றைக்கு மேலே அவன் ஒவ்வொரு முடிச்சுக்கும் தெருவைத் திரும்பிப் பார்த்தான். அதை அவள் யாருக்கும் சொல்லவில்லை.

செசீலியா கையைக் கழுவிவிட்டு அரிசி வாளிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். மூடியைத் திறக்கவில்லை.

“அப்பா,” என்றாள் டினோஷா. “நாங்க வாறத்துக்கு முதல் அதக் கழட்டுவீங்களா?”

சுஜீவன் திரும்பி யன்னலைப் பார்த்தான். வெளியே காற்றில் கொடி உப்பி எழுந்தது. சிவப்புப் பட்டை அவன் கன்னத்திலிருந்து நெற்றிக்கு ஏறி, மெதுவாகத் திரும்ப இறங்கியது.