பாதி அழிந்த பெயர்ப்பலகை

1
உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை எனக்கு ஒரு பெயர்ப்பலகையில் கிடைத்தது. சாய்ந்தமருதில், 'ஜவாஹிர், பிரசித்த நொத்தாரிசு' என்பதற்குக் கீழே 'சட்டத்தரணி' என்ற சொல். அதில் பாதி மட்டும் பச்சைப் பெயின்றுக்குள் போயிருந்தது. மீதிப் பாதியை ஏன் விட்டார்கள்?

2
'அன்று காலை கல்முனை நீதிமன்றத்தின் மேலே வானம்...'

வேண்டாம். இந்த வழக்கில் வானத்துக்கு வேலையில்லை.

றாஹிலாவிலிருந்து தொடங்குகிறேன். மகள் நஸ்லாவுக்கு நிக்காஹ் நெருங்குகிறது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண்வீட்டில் குடிவருவார். அதற்கு முன் வீட்டைப் பெண்ணின் பெயருக்கு எழுதிவிட வேண்டும். அந்த நேரம் பார்த்து, மதில் தன் காணிக்குள் நிற்கிறதென்று பக்கத்து வீட்டுக்காரர் வழக்குப் போட்டு, வீட்டைக் கைமாற்றத் தடையும் வாங்கிவிட்டார். றாஹிலா ஜவாஹிரிடம் ஓடினாள். பலகையில் சட்டத்தரணி என்றுதானே இருக்கிறது!

"பயப்படாதீங்க தங்கச்சி, நான் பாத்துக்கிறன்" என்றார் அவர்.

(நொத்தாரிசு காணி, வீட்டுக்கு உறுதிப் பத்திரம் எழுதலாம். சட்டத்தரணியாகப் பதிவு பெறாதவர் வழக்காட முடியாது. சட்டத்தரணி என்று சொல்லிக்கொள்வதும் குற்றம். ஜவாஹிருக்கு இது நன்றாகத் தெரியும். ஊர் 'லோயர்' என்று கூப்பிடும் சுகத்தைத்தான் விட முடியவில்லை. இவரை வில்லனாக்கிப் பார்த்தேன். எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.)

3
வழக்கைக் கூப்பிட்டார்கள். யாரும் எழும்பவில்லை.

"உங்கள் சட்டத்தரணி எங்கே?" என்று நீதிபதி கேட்டார்.

றாஹிலா ஜன்னல் பக்கம் கையை நீட்டினாள். "அந்தா சேர், தேத்தண்ணிக் கடையில நிக்காரு. கறுப்புக் கோட் போட்டவரு. கொஞ்சம் கூப்பிடுங்களன்."

நீதிமன்றமே சிரித்தது. ஆள் போய்ப் பார்த்தபோது கடையில் தேத்தண்ணி மட்டும் ஆவி பறக்க இருந்தது. றாஹிலாவுக்கு வெட்கத்தில் அழுகை வந்தது. நல்ல வேளை, நீதிபதி வழக்கை ஒத்திவைத்து வேறு தவணை கொடுத்தார். அடுத்த தவணையில் நதீரா என்ற மெய்யான சட்டத்தரணி எழும்பிக் கதைத்தார், தடை நீங்கியது.

4
முடிவு ஒன்று: றாஹிலா முறைப்பாடு செய்ய, ஜவாஹிரைப் பொலிஸ்...

(நிற்க. அப்படியானால் நஸ்லாவுக்கு வீட்டை எழுதுவது யார்? அவருடைய உறுதியில் இதுவரை எவரும் பிழை பிடித்ததில்லை.)

முடிவு இரண்டு: றாஹிலா மன்னித்துவிடுகிறாள்.

(றாஹிலாவா? நீங்கள் அவளைப் பார்த்ததில்லை.)

ஆகவே அவள் ஏணியும் பெயின்ற் வாளியுமாக அவர் வாசலில் வந்து நிற்கிறாள்.

"ஏறுங்க ஜவாஹிர் காக்கா. அந்தச் சொல்ல அழிச்சாத்தான் எங்கட உறுதிய நீங்க எழுதிற. இல்லாட்டி இப்பவே பொலிசுக்குப் போறன்."

ஜவாஹிர் ஏறினார். பாதிச் சொல் அழிந்தது. தெருவால் போன ஒருவர் சைக்கிளை நிறுத்தினார்.

"என்ன லோயர், பெயின்ற் வேலையும் பாக்கிறீங்களா?"

பழக்கதோஷம். ஜவாஹிரின் முகம் மலர்ந்துவிட்டது. "ஓம் தம்பி!"

றாஹிலா நிமிர்ந்து பார்த்தாள். ஏணியைப் பிடித்திருப்பது அவள்தான்.

நான் கண்ட பலகையில் பூச்சு அந்த இடத்தோடு நிற்கிறது. பிடியை விட்டாளா, இல்லையா என்று எனக்குத் தெரியாது. இந்தாருங்கள், ஏணியை இனி நீங்கள் பிடியுங்கள்.