ஆஸ்தாவின் ஆறு தொப்பிகள்

“உங்க ஆப்பிளாலதான்! ரெண்டு மாசமா நிலவறையில என் கிழங்குக்குப் பக்கத்துல பெட்டி பெட்டியா அடுக்கி வச்சிருக்கீங்க. அந்த ஆவியிலதான் பூ கெட்டுப்போச்சு!”

“பின்ன எங்க வைக்கச் சொல்றீங்க? என் கட்டிலுக்கு அடியிலயா?”

“வைங்க! ரூமாவது வாசனையா இருக்கும்!”

மூன்றாம் மாடி ஆஸ்தா க்விஸ்டும் கீழ்வீட்டு பிரிக்ஸும் படிக்கட்டில் நின்று இப்படிக் கத்தியதை நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்து கேட்கவில்லை. கதவை நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டுதான் கேட்டேன்.

ஆஸ்தாவின் அம்மா இருந்தவரை, பதினைந்து வருஷம், அந்த வீட்டுக்குள் யாரும் காலடி வைத்ததில்லை. எங்கள் ஊரான நியூபோர்க்கில் நான் உள்ளே பார்க்காத ஒரே வீடு அது. வசந்தத்தில் கிழவி போய்ச் சேர்ந்தாள். அக்டோபரில் ஆஸ்தா ஆறு ஹயாசிந்த் பூக்கிழங்குகளைக் குறுகிய கழுத்துள்ள கண்ணாடிக் குவளைகளில் வைத்து நிலவறையில் இறக்கினாள். டிசம்பரில் அவை என் வாசலுக்கு எதிரே, படிக்கட்டு ஜன்னலுக்கு வந்தன. ஒவ்வொன்றின் தலையிலும் நீலக் காகிதத் தொப்பி. மொட்டு தானாகத் தொப்பியை முட்டித் தூக்கும்வரை கழற்றக் கூடாது, இல்லாவிட்டால் தண்டு நீளாது. எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும்.

அப்புறம் தெருக்கதவில் ஓர் அட்டை ஒட்டினாள்: ‘23ஆம் தேதி மாலை என் வீட்டுக்குப் பூ பார்க்க வாருங்கள். காப்பி உண்டு.’ நாற்பத்து மூன்று வயதில் முதல் அழைப்பு. சும்மா வாருங்கள் என்று கூப்பிட அவளுக்கு வாய் வராது, அதற்குத்தான் பூ.

இருபதாம் தேதி பார்த்தால், ஆறு பூவும் இலைகளுக்கு நடுவே, கழுத்தே இல்லாமல், அமுங்கிக்கொண்டு மலர்ந்திருந்தன. அதனால்தான் இந்தச் சண்டை.

சண்டை முடிந்ததும் அட்டையைக் கிழித்தாள். “பூ இல்லாம எதுக்கு வரணும்? என் மூஞ்சியப் பாக்கவா?” என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். அவள் அம்மா சாத்துகிற அதே சத்தம்.

ரொட்டி வாங்கிவிட்டு வரும்போதெல்லாம் அந்தத் தொப்பிகளைத் தூக்கிப் பார்த்தவள் நான். நல்ல வெயில் அடித்த நாட்களில், கொஞ்சம் காற்றாடட்டும் என்று சாயங்காலம்வரை கழற்றியே வைத்திருந்தேன்.

பண்டிகைக்காக போர்ன்ஹோல்ம் தீவிலிருந்து வந்திருந்த என் தம்பி அங்கரிடம் சொன்னேன்.

“ஊர்ல எல்லார் சங்கதியும் சொல்றியேக்கா, உன் சங்கதியையும் ஒரு தடவ போய்ச் சொல்லேன்” என்றான்.

போய்ச் சொன்னேன். ஆஸ்தா கதவிடுக்கு வழியாகவே கேட்டாள்.

“அப்ப ஆப்பிள் இல்லையா?”

“இல்ல ஆஸ்தா. நான்தான்.”

“ஐயோ, அந்த மனுசன என்னல்லாம் பேசிட்டேன்!” என்று என்னைத் திட்டக்கூட மறந்து கீழே ஓடினாள்.

மன்னிப்பை வாங்கிக்கொண்ட பிரிக்ஸ் கால் மணி நேரத்தில் ஒரு பெரிய சூப் கிண்ணமும் வாளி நிறையக் காட்டுப் பாசியுமாக மேலே வந்தார். “குட்டையா இருந்தா என்னங்க? பாசிக்கு நடுவுல உக்கார வச்சா யாருக்குக் காலு தெரியப்போவுது? ஓரமா நாலு ஆப்பிள் வச்சா அழகா இருக்கும்.”

“அது மட்டும் வேண்டாம்!” என்று நானும் ஆஸ்தாவும் ஒரே குரலில் கத்தினோம்.

புது அட்டையை என் கையாலேயே எழுதி ஒட்டினேன். இருபத்து மூன்றாம் தேதி பதினோரு பேர் வந்தார்கள். பைன் காய்களுக்கும் பாசிக்கும் நடுவே பூக்கள் வேண்டுமென்றே குட்டையாக வளர்த்தவை போல உட்கார்ந்திருந்தன. வாசனை தெருக்கதவுவரை வந்தது. ஆஸ்தாவிடம் இருந்ததே ஆறு கோப்பை. மீதி என் வீட்டிலிருந்து போயிற்று. அங்கர் மட்டும் பதினைந்து இஞ்சி பிஸ்கட் தின்றுவிட்டு, பதினாறாவதையும் கேட்டான்.

ஈஸ்டருக்குள் ஆஸ்தாவுக்கும் பிரிக்ஸுக்கும் கல்யாணம் என்று ரொட்டிக் கடையிலிருந்து தேவாலயம்வரை சொல்லி வைத்திருந்தேன். பிரிக்ஸ் பக்கத்து ஊர் கெர்டமின்டவில் தேவாலயத்து ஆர்கன் வாசிக்கும் ஒருத்தியைக் கட்டிக்கொண்டார். ஆஸ்தா ஜூன் மாதம் என் தம்பியைக் கட்டிக்கொண்டு போர்ன்ஹோல்முக்குப் போய்விட்டாள். அவர்கள் வீட்டுச் சேதி வேண்டுமென்றால் இப்போது நான் தபால்காரருக்குக் காத்திருக்க வேண்டும்; அங்கர் எழுதுவதோ நாலே வரி.