விளக்கம்மாவின் இரண்டு விநாடி

விளக்கம்மா பொய் சொல்லவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்போது ஆளாளுக்கு வேறு மாதிரி பேசிக்கொண்டு திரிகிறார்கள்.

இருபத்தாறு வருடங்களுக்கு முன் வந்த படம். கலங்கரை விளக்கத்தில் தனியாக வேலை பார்க்கும் ஒருத்தி, கரையொதுங்கிய ஒரு பெண்ணைத் தேற்றி, படகு ஓட்டக் கற்றுக்கொடுத்து அனுப்புவாள். அவள்தான் விளக்கம்மா. நடித்த அம்மா இப்போது இல்லை. குரல் என்னுடையது. டப்பிங் பேசுகிறவளுக்கு முகம் கிடையாது. ஆனால் பஸ்ஸில் வாயைத் திறந்து டிக்கெட் கேட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.

கடைசிக் காட்சியில் அந்தப் பெண் கேட்பாள், "எப்பவாவது விளக்க அணைச்சிருக்கீங்களா?" விளக்கம்மா கடலைப் பார்த்து நின்றபடி "இல்ல" என்பாள். அப்புறம் இரண்டு விநாடி ஒன்றும் இருக்காது. அதன் பிறகு, "ஒரு நாள்கூட இல்ல."

அந்த இரண்டு விநாடியை யாரும் எழுதவில்லை, யாரும் என்னிடம் கேட்கவும் இல்லை. என் வசனத்தாள்கள் இரண்டு ஒட்டிக்கொண்டுவிட்டன. "இல்ல" ஒரு தாளின் அடியில், மிச்சம் அடுத்த தாளில். மைக்குக்குச் சத்தம் கேட்காமல் உரிக்க வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு உரித்தேன். படத்தில் அந்த இடத்தில் முதுகுதான் தெரியும், உதடு தெரியாது. அதனால் சவுண்டுக்காரர், "நல்லாத்தான்மா இருக்கு, விடு" என்றார். நானும் விட்டுவிட்டேன். அன்றைக்கு இன்னொரு தடவை பேசுகிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும்.

இப்போது அதற்கு முன்கதை எடுத்திருக்கிறார்கள். விளக்கம்மாவின் இளமைக் காலமாம். தங்கையின் மேல் இருந்த ஆத்திரத்தில் ஒரு நாள் வேண்டுமென்றே விளக்கை அணைத்துவிடுகிறாளாம், தங்கை வந்த படகு பாறையில் மோதிவிடுகிறதாம். ஆதாரம் கேட்டால் அந்த இரண்டு விநாடி. குற்றமுள்ள மனசு தடுமாறுகிறதாம்.

டிரெய்லர் வந்த அன்றே என் தம்பி போன் செய்தான். "நான் அப்பவே நினைச்சேன்க்கா" என்றான். என்ன நினைத்தான் இவன்? அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டே என்னோடு வீட்டுக்கு நடந்து வந்தவன்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். கிளினிக்கில் எனக்கு ரத்த அழுத்தம் பார்க்கும் நர்ஸ் ஒருத்தி இருக்கிறாள். டியூட்டி ஏறுவதற்கு முன், "ஒரு நாள்கூட இல்ல" என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வாளாம். எந்த நோயாளியிடமும் எரிந்து விழாமல் இருக்க அதுதான் அவளுக்குப் பிடிமானம். போன வாரம் என் கையில் பட்டையைச் சுற்றிக்கொண்டே சொன்னாள், "அப்ப அதுவும் பொய்தானாம்மா? சரிதான், அப்படி யாருதான் இருப்பாங்க." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அன்றைக்கு அழுத்தம் எகிறியதற்கு உப்பின் மேல் பழி போட முடியாது.

இரண்டு நாள் கழித்து ஸ்டுடியோவிலிருந்து அழைப்பு. முன்கதைக்குப் பின்னணிக் குரல் நான்தான் கொடுக்க வேண்டுமாம். கூடவே ஒரு சின்ன வேலை. பழைய படத்தை மறுபடி திரையிடப் போகிறார்கள், அதில் கடைசி வசனத்தை மட்டும் திருத்திப் பேச வேண்டும்.

போனேன். சவுண்டுக்காரர் அதே ஆள்தான், கண்ணாடி மட்டும் தடித்திருந்தது. டைரக்டருக்கு முப்பத்தைந்து இருக்கும், மரியாதையான பையன். எழுந்து நின்று நாற்காலி போட்டார்.

"எட்டு வயசுல பாத்தேம்மா. அந்த ரெண்டு செகண்டு கேப்புதான் என்னை இந்தப் பக்கம் இழுத்துட்டு வந்துச்சு. இப்ப அதுல ஒரு சின்ன விசும்பல் வேணும். அவ்வளவுதான்."

தாள் ஒட்டிக்கொண்ட கதையைச் சொன்னேன். சவுண்டுக்காரர் ஆமாம் என்று தலையாட்டினார். டைரக்டர் முதலில் சிரித்தார், அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு யோசித்தார்.

"எப்படி வந்தா என்னம்மா, உண்மை வந்துருச்சு. தப்பு பண்ணவங்களுக்குத்தான் கத்துக்குடுக்கத் தெரியும். இல்லன்னா எதுக்கு ஒருத்தி முப்பது வருஷம், தினமும் அத்தனை படி ஏறணும்?"

"அது அவ வேலை தம்பி."

"வேலைக்காக மட்டுமா?"

"ஒருத்தி ஒழுங்கா வேலை பாத்தா, அதுக்குப் பின்னாடி ஒரு பாவம் இருந்தாத்தான் உங்களால நம்ப முடியுமா? நானும் முப்பத்துநாலு வருஷமா சொன்ன நேரத்துக்கு வந்து இந்த மைக்கு முன்னாடி நிக்கிறேன். யாரையும் கொன்னுட்டு வரல."

கண்ணாடி அறைக்குள் போய் நின்றேன். திரையில் அந்த அம்மாவின் முதுகு வந்தது. அந்தப் பெண் கேட்டாள். நான், "இல்ல ஒரு நாள்கூட இல்ல" என்றேன், ஒரே மூச்சில், நடுவில் கத்தி நுழைய இடம் வைக்காமல்.

"கேப் விடுங்கம்மா."

மறுபடி அதே மாதிரி. விசும்பல் கேட்டார், மறுபடி அதே மாதிரி. ஒன்பது தடவை. ஒன்பதும் ஒரே அச்சு. இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்த வித்தை அது ஒன்றுதான்.

"பரவால்ல, நான் கேப்ப உள்ள செருகிக்கிறேன்" என்றார். சவுண்டுக்காரர் வெட்டி, இடம் விட்டு, ஓட்டிக் காட்டினார். விளக்கம்மாவுக்கு விக்கல் வந்த மாதிரி இருந்தது. சவுண்டுக்காரர் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கவில்லை.

"வேற ஆள வச்சுப் பேசிக்குவேம்மா."

"பேசிக்குங்க. என் குரல் மாதிரியே பேசுறவங்க ரெண்டு பேர் இருக்காங்க. ஆனா பழைய படத்துல என் பேர எடுத்துருங்க. எங்க கேட்டாலும், அது நான் இல்லன்னு சொல்லுவேன். ஏன் இல்லன்னும் சொல்லுவேன்."

"அப்ப புதுப் படத்துல பின்னணி?"

"அதுவும் வேண்டாம்."

வேண்டாம் என்று சொல்வது சுலபமாக இல்லை. இந்த வருடம் எனக்கு வந்தது இந்த ஒரு படம்தான். வசனத்தாள்களை மேசையில் அடுக்கி வைத்தேன்.

கதவுவரை வந்தேன். டைரக்டர் பின்னாலேயே வந்தார். அதிகாரமெல்லாம் இறங்கிப்போய், குரல் சின்னதாகியிருந்தது.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேம்மா. நிஜமாவே அவங்க அணைக்கலியா?"

எட்டு வயதில் நம்பியதை இத்தனை வருடம் கழித்து என்னிடம் திருப்பிக் கேட்கிறார். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் விடவில்லை.

"அணைச்சது நீங்க தம்பி" என்றேன். "அவ இல்ல."