சுகிர்தா போடாத போன்

டாக்டர் சுகிர்தா போடாமல் விட்ட போன், உத்திரமேரூரில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் தினமும் யாராவது ஒருவருக்கு வந்துகொண்டிருக்கிறது. எண் தெரியாது. எடுத்தால், "சார், டெலிவரி முடிஞ்ச பூஜாவுக்கு ரத்தம் நிக்கல சார். தனியா பாக்கப் பயமா இருக்கு, வாங்க சார்" என்று ஓர் இளம்பெண் குரல் கெஞ்சும். அரிசி மில் இருசப்பன் முதல் தடவை, "இது மில்லுமா, இங்க தவிடுதான் கீது" என்று சொல்லி வைத்துவிட்டார். அன்று முழுக்கத் தனக்குச் சோறு இறங்கவில்லை என்றார் பிறகு.

வாலாஜாபாத்துக்காரியான சுகிர்தா சில வருஷங்களுக்கு முன்பு ஒரு மருத்துவக் கல்லூரியில் மகப்பேறு மேற்படிப்பு படித்தாள். கல்லூரியின் பெயர் இங்கே எதற்கு? அங்கே பெரிய டாக்டருக்குப் போன் போட்டுச் சந்தேகம் கேட்டவர்கள் மறுநாள் ரவுண்ட்ஸில் நோயாளிகள் முன்னால் தலைகுனிந்து நிற்க வேண்டும். "இதுக்கெல்லாம் என்னைக் கூப்பிட்டா நீ எதுக்கும்மா இருக்க?" என்பார் அவர். அப்படி நின்று நின்று, கேட்காமல் இருக்கப் படித்துக்கொண்டாள் சுகிர்தா. அந்த வார்டில் எல்லோரும் முதலில் பாஸ் செய்த பாடம் அதுதான். பூஜாவுக்குப் பெண் குழந்தை பிறந்து ரத்தம் நிற்காதபோது, சுகிர்தா போனை எடுத்தாள், பெரிய டாக்டர் பெயரைத் தேடினாள், திரும்பப் பையில் போட்டுக்கொண்டாள். சமாளித்துவிடலாம் என்று நினைத்தாள். நர்ஸ் கூப்பிட்டு அவர் வந்து சேர்ந்தபோது பூஜா போய்விட்டிருந்தாள். விசாரணையில் போனைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அப்பாடா, தப்பித்தோம் என்று ஒரு கணம் தோன்றியதே, அதற்காகத்தான் சுகிர்தா தன்னை இன்றுவரை மன்னிக்கவில்லை.

கொஞ்ச நாளில் பூஜாவின் ஊரான உத்திரமேரூரில் போன்கள் அடிக்கத் தொடங்கின. கம்பெனிக்காரர்கள் வந்து டவரில் எதையோ கழற்றி மாட்டிவிட்டுப் போனார்கள். ஒரு நாள் அந்த அழைப்பு பூஜாவின் புருஷன் முத்துவேலுக்கே வந்தது. அவன் குரலை அடையாளம் கண்டு, கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி, நேராக வார்டுக்கு வந்து சுகிர்தாவின் முன்னால் நின்றான். அவள் ஒன்றையும் மறைக்கவில்லை. "திட்டுவாருன்னு பயந்து கூப்பிடாம இருந்துட்டேண்ணா" என்றாள்.

"திட்டு வாங்கினா செத்தாம்மா பூடுவே?" என்றான் முத்துவேல். திரும்பிப் போனான்.

சுகிர்தா இப்போது அதே துறையில் பெரிய டாக்டர். ஜூனியர்கள் காய்ச்சல் மாத்திரைக்குக்கூடக் கூப்பிடுகிறார்கள்; தட்டில் சோற்றை வைத்துவிட்டு எழுந்து ஓடுகிறாள். அதற்காக அந்தப் பழைய போன் நின்றுவிடவில்லை. அன்றைய பெரிய டாக்டருக்கு மட்டும் அது ஒரு தடவைகூட வந்ததில்லை. ஊரில் மற்றவர்கள், "தோ வரோம்மா" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடுகிறார்கள். முத்துவேல் வீட்டில், லீவு நாட்களில் அவன் மகள்தான் எடுப்பாள். "நைனா கழனிக்குப் போயிக்கீது டாக்டர், வந்ததும் அனுப்பறேன்" என்று சொல்லிவிட்டு விளையாடப் போவாள்.