மூணு ஓட்டை போட்ட பெட்ஷீட்

1

உண்மையச் சொல்லிடறேன். கதை எழுதணும்னு ஆசைப்பட்டு எழுதற கதை இல்ல இது. பயத்துல தூக்கம் வரல. யார்கிட்டயாவது சொல்லணும். சொல்றதுக்கு நீங்கதான் கிடைச்சீங்க. அவ்ளோதான்.

முதல்ல "என் ஃப்ரெண்டு ஒருத்தி இருக்கா"ன்னு ஆரம்பிச்சேன். நீங்க என்ன அவ்ளோ ஏமாளியா? அடிச்சுட்டேன். அப்புறம் "நான்"னு ஆரம்பிச்சேன். அதையும் அடிச்சுட்டேன். அதனால நமக்குள்ள ஒரு ஒப்பந்தம். கீப்பர்னு ஒருத்தி. பதினேழு வயசு. ஸ்டேஷன் கிளப் பொண்ணுங்க கால்பந்து டீமுக்கு கோல்ல நிக்கறவ. அவ யாருன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரியாத மாதிரியே ரெண்டு பேரும் போயிடுவோம்.

2

"லீக் பந்தயத்தில் ஸ்டேஷன் கிளப் வெற்றிநடை போட்டுக்கொண்டிருந்த வேளையில், பரம எதிரியான மில் கிளப்பில் ஒரு புயல்—"

(புயலாம். நியூஸ் வாசிக்கற மாதிரி இருக்கு. விடுங்க.)

நடந்தது இதான். மில் கிளப் வரிசையா தோத்துட்டே இருந்துது. அவங்க பழைய கோச்சுக்கு போர்டு சார்னு பேரு. வெள்ளை போர்டுல அம்பு அம்பா வரைஞ்சு தள்ளுவார். பொண்ணுங்க கொட்டாவி விட்டுட்டே பார்ப்பாங்க. கிரவுண்டுக்கு வந்ததும் எந்த அம்பு யாரோடதுன்னு தெரியாம முழிப்பாங்க. கமிட்டி கூடி அவரை அனுப்பிட்டு, ஸ்கூல்ல விளையாட்டு டீச்சரா இருக்கற ஒரு அம்மாவைக் கோச்சாப் போட்டுது.

ஸ்டேஷன் கிளப்ல விழுந்து விழுந்து சிரிச்சாங்க.

"இனிமே மில் டீம் உயரவரிசைல நின்னுதான் கார்னர் அடிக்கும்."

"லேட்டா வந்தா வெளில முட்டி போடணுமாம்டீ."

கீப்பரும் கூடச் சிரிச்சா. வேற என்ன பண்றது? அந்த டீச்சர் அவளோட அம்மா.

அப்புறம் மில் ஜெயிக்க ஆரம்பிச்சுது. அம்மா பெருசா மந்திரம் ஒண்ணும் போடல. போர்டைத் தூக்கி ரூமுக்குள்ள வெச்சாங்க. பின்னாடி நின்னு திட்டு வாங்கிட்டிருந்த ஒரு சின்னப் பொண்ணை முன்னாடி ஆட விட்டாங்க. அவளுக்கு எலின்னு பேரு, எந்தச் சந்து கிடைச்சாலும் பூந்துடுவா. தப்பு பண்ணா கிரவுண்டைச் சுத்தி ஓடணும்னு இருந்ததை எடுத்துட்டு, என்ன தப்புன்னு அவங்க வாயாலயே சொல்ல வெச்சாங்க. அவ்ளோதான். எங்கயோ கீழ கிடந்த மில், இன்னிக்கு ஸ்டேஷனுக்கு ஒரே ஒரு பாயிண்ட் பின்னாடி நிக்குது.

கடைசி மேட்ச் நாளைக்கு. ஸ்டேஷனுக்கும் மில்லுக்கும். டிரா ஆனாலே ஸ்டேஷனுக்குக் கப். தோத்தா கப் மில்லுக்கு.

ஸ்டேஷன்ல இப்போ யாரும் சிரிக்கறதில்ல.

3

வீட்டுல ஒரு சட்டம் வந்துது. அடுப்படில கால்பந்து பேசக் கூடாது. மில்லுலேர்ந்து போன் வந்தா அம்மா பாத்ரூம்ல போய்க் குழாயைத் திறந்து விட்டுட்டுப் பேசுவாங்க. "தண்ணி வீணாகுது"ன்னு அப்பா கதவைத் தட்டுவார்.

(அப்பாவைப் பத்தி ஒரு குறிப்பு. தையல் கடை வெச்சிருக்கார். ரெண்டு டீமுக்கும் ஜெர்சில நம்பர் தெக்கறது அவர்தான். யார் ஜெயிப்பாங்கன்னு கேட்டா, நூலைப் பல்லுல கடிச்சுக்கிட்டு, வாய் பிஸியா இருக்குன்னு கையைக் காட்டுவார். கதைக்கு இவர் வேணுமான்னு யோசிச்சேன். வேணும்.)

இப்போ பயத்துக்கு வரேன். சுத்தி வளைச்சது போதும்.

போன மாசம் பிராக்டீஸ்ல ஒரு கார்னரைப் பிடிக்கப் பாஞ்சு, கீப்பர் இடது தோள் அடிபடற மாதிரி விழுந்தா. உள்ள ஏதோ இடம் மாறி, திரும்ப வந்து உட்கார்ந்த மாதிரி இருந்துது. எழுந்து மண்ணைத் தட்டிட்டு, ஒண்ணும் இல்லன்னா. அன்னிலேர்ந்து என் இடது கை— அவ இடது கை காதுக்கு மேல போறதில்ல. கிளப்ல யாருக்கும் தெரியாது. ஒத்தைக் கையால தலை பின்னிக்கப் பாத்தப்போ அம்மா கண்டுபிடிச்சுட்டாங்க. டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போனாங்க. இன்னொரு தடவை இடம் மாறினா ஆபரேஷன்தான்னார் அவர்.

"உங்க சார்கிட்ட சொல்லு."

"சொன்னா உட்கார வெச்சுடுவார்மா. லீக் மட்டும் முடியட்டும்."

"நான் சொல்லலாம். ஆனா நான் சொன்னா என்ன ஆகும் தெரியுமா? எதிர் டீம் கோச் நம்ம கீப்பரைக் கழட்டப் பாக்கறாங்கன்னு சொல்லுவாங்க. உன் வாயால வரணும்டீ."

வரல. தினம் ராத்திரி அம்மாதான் தோளுக்கு டேப் சுத்தி விட்டாங்க. ஸ்டேஷன் கீப்பர் தோள் மில் கோச் கைல. யோசிச்சுப் பாருங்க. மில்லுக்கு நாளைக்குத் தேவை ஒரே ஒரு கோல். அதை எங்க அடிக்கணும்னு இந்த உலகத்துலயே தெரிஞ்ச ஒரே கோச், என் கட்டிலுக்குப் பக்கத்துல உட்கார்ந்து, "இறுக்கமா இருக்காடீ?"ன்னு கேக்கறாங்க.

4

இன்னிக்கு சாயங்காலம் கீப்பர் துணி எடுக்க மாடிக்குப் போனா. கொடி நெடுக ஒரே ஒரு துணி தொங்குது. வீட்டுல இருந்த பழைய பெட்ஷீட்டையெல்லாம் சேர்த்துத் தெச்சது, ஒரு கோல் அகலத்துக்கு. அதுல ஓட்டை, பந்து நுழையற அளவு. கீழ ரெண்டு மூலைலயும் ஒண்ணு ஒண்ணு. மேல ஒரு மூலைல மட்டும் ஒண்ணு.

பார்த்ததும் புரிஞ்சுடுச்சு. இதைக் கோல்ல மாட்டி, ஓட்டைல குறி பார்த்து அடிக்கப் பழக்கியிருக்காங்க. நாளைக்கு மில் எங்கெல்லாம் அடிக்கும்னு எங்க வீட்டுக் கொடில காயுது.

கோல்ல நிக்கற மாதிரி துணிக்குப் பின்னாடி நின்னு பார்த்தா. அவளோட இடது பக்கம் மேல் மூலைல ஓட்டை இல்ல. அம்மா அந்த இடத்தை மட்டும் விட்டிருக்காங்க. கண்ணுல தண்ணி வந்துடுச்சு.

அப்புறம் குனிஞ்சு துணிக்கு அந்தப் பக்கம் போனா.

அந்தப் பக்கத்துலேர்ந்து பார்த்தா எல்லாம் இடம் வலம் மாறிடுது. இதுதான் கோல் பக்கம்னா, சரியா அவ இடது மேல் மூலைலதான் ஓட்டை.

(கதை எழுதறவங்களுக்கு இது வசதி. ஒரு பக்கம் நின்னா அம்மா காப்பாத்தறாங்க. இன்னொரு பக்கம் நின்னா அம்மா குறி வெக்கறாங்க. துணி ஒண்ணுதான். ஆனா அந்த நேரத்துல எனக்கு வசதியா இல்ல. கொடிக்கு அடில இப்படியும் அப்படியுமா குனிஞ்சு குனிஞ்சு போய் வந்ததுல தலை சுத்திடுச்சு.)

5

அப்பா கடைல ஒரு பேண்ட்டுக்கு மடிப்பு தெச்சுட்டிருந்தார்.

"அப்பா, அந்தத் துணிக்கு எது முன்பக்கம்?"

"எந்தத் துணி?"

"அப்பா."

"ஓ, அதுவா." மெஷின் நிக்கல. "தையல் பிசிறு தெரியாத பக்கம்தான் அடிக்கறவங்களுக்குத் தெரியணும். பிசிறு கோல் பக்கம். மாத்தி மாட்டினா என் மானம் போயிடும்னு சொல்லித்தான் குடுத்தேன்."

கீப்பர் முதல்ல நின்ன பக்கம்தான் பிசிறு இருந்துது. அப்படின்னா முதல்ல பார்த்ததுதான் சரி. அந்த மூலைல ஓட்டை இல்ல.

"மூணுதான் போட்டிருக்கீங்க."

"உங்கம்மா மூணுதான் கேட்டா."

"நாலாவது ஏன் வேண்டாம்னு நீங்க கேக்கலையா?"

"கேட்டேன். துணி போதலன்னா."

ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் அதை யோசிச்சாங்க.

"ஓட்டை போடறதுக்கு எதுக்குப்பா துணி?"

"இத்தனை வருஷமா தெக்கறேன், நானும் கேள்விப்பட்டதில்ல"ன்னு சொல்லிட்டு அப்பா நூலைக் கடிச்சுக்கிட்டார்.

6

இங்கயே முடிச்சிருக்கலாம். "தாயின் அன்பின் முன் கோப்பை எம்மாத்திரம்" அப்படின்னு கடைசி வரி.

(எழுதிப் பார்த்தேன். எனக்கே கூசுது.)

ஆனா கீப்பருக்கு ஒண்ணு உறுத்துச்சு. சாப்பிட்டு முடிச்சு அம்மா பாத்திரம் துடைச்சுட்டிருந்தப்போ போய் நின்னா.

"அந்த மூலைல ஏன்மா ஓட்டை போடல?"

"அடுப்படில கால்பந்து பேசக் கூடாது."

கீப்பர் ஒரு அடி பின்னாடி வெச்சு, நிலைப்படிக்கு வெளில நின்னுக்கிட்டா. "இப்போ சொல்லு."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துது. அடக்கிட்டாங்க. "அங்க அடிச்சா நீ பாய்வ. கை போயிடும்னு தெரிஞ்சும் பாய்வ. உன்னை எனக்குத் தெரியாதா?"

"உங்க டீம் பொண்ணுங்ககிட்ட என்ன சொன்ன?"

அம்மா துடைச்ச தட்டையே திரும்பத் துடைச்சாங்க. "அந்த மூலைல அவளை யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது, அங்க அடிச்சு பந்தை வீணாக்காதீங்கன்னேன்."

"பொய் சொன்னியா?"

"ஆமா."

"நம்பினாங்களா?"

"எலி மட்டும், 'அந்தப் பக்கம் அவங்க கை தூக்கியே நான் பார்த்ததில்லையே மிஸ்'ன்னா. முறைச்சேன். 'சரி மிஸ்'னு போயிட்டா." தட்டை வெச்சாங்க. "போர்டு சார் சொன்ன எதையும் நம்பாத பொண்ணுங்க அதுங்க. நான் என்ன சொன்னாலும் அப்படியே கேக்குதுங்க. அது ஒண்ணை வெச்சுத்தான் டீம் இவ்ளோ தூரம் வந்துது. அதையே எடுத்து நான்..."

(இது நான் பாதில விட்ட வாக்கியம் இல்ல. அம்மா விட்டது.)

7

பயம் இப்போ இடம் மாறி உட்கார்ந்திருக்கு. சாயங்காலம் வரைக்கும், அம்மா மில்லுல சொல்லிடுவாங்களோன்னு பயம். இப்போ, சொல்லாமலே தோத்துடுவாங்களோன்னு பயம். தோத்துட்டு, எலி முகத்தை எப்படிப் பார்ப்பாங்க?

இதுக்கு ஒரு வழிதான். கீப்பர் அவளோட கோச்சுக்கு போன் பண்ணி உண்மையச் சொல்லணும். சொன்னா ரிசர்வ் கீப்பர் நிப்பா. அம்மா யார்கிட்டயும் பொய்யைக் காப்பாத்த வேண்டாம். ஆனா இந்த வருஷம் முழுக்க எந்த மேட்ச்சுக்காக ஆடினாளோ, அந்த மேட்ச்ல கீப்பர் பெஞ்ச்ல.

இங்க வரைக்கும்தான் நடந்தது. இதுக்கு மேல கதை நகரணும்னா அவ எந்திரிக்கணும். எழுதிட்டே இருந்தா போன் பண்ண வேண்டாம் பாருங்க. அதுக்குத்தான் இவ்ளோ நீளமா எழுதினேனோ என்னவோ.

இருங்க. வரேன்.

8

பண்ணிட்டேன். பண்ணிட்டா.

எங்க கோச்சுக்கு விசில் சார்னு பேரு. விசிலே வெச்சுக்க மாட்டார், ரெண்டு விரலை வாயில வெச்சு அடிச்சா பக்கத்துத் தெரு வரைக்கும் கேக்கும். மேட்ச்சுக்கு முதல் நாள் அவரும் தூங்க மாட்டார். உடனே எடுத்தார்.

"சார், எனக்கு இடது தோள் சரியில்ல. தூக்க முடியல."

"எப்போலேர்ந்து?"

"போன மாசம்."

அவர் திட்டல. திட்டிட்டா தேவலன்னு இருந்துது.

"உங்க அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும் சார். மில்லுல சொல்லல. அந்தப் பக்கம் அடிக்கவே வேண்டாம்னு சொல்லி வெச்சிருக்காங்க."

அப்புறம் மெதுவா, "நாளைக்கு குட்டி நிக்கட்டும்"னார்.

(குட்டிதான் ரிசர்வ் கீப்பர். டீம்லயே உயரமானவ அவதான். பேர் வெச்சவங்களைக் கேளுங்க. பெரிய மேட்ச் எதுலயும் நின்னதில்ல.)

"நீ பெஞ்ச்ல உட்கார்ந்து அவளுக்குக் கத்து. தொண்டை நல்லா இருக்கா?"

"இருக்கு சார்."

"அதையாவது மறைக்காம சொல்லு."

போனை வெச்சுட்டுக் கீப்பர் கொஞ்ச நேரம் அழுதா. எவ்ளோ நேரம்னு எழுத மாட்டேன். திரும்பினா, ஹால்ல அம்மா நிக்கறாங்க.

"நாளைக்கு குட்டி நிக்கறாம்மா. எங்க வேணா அடிக்கச் சொல்லிக்கோ."

அம்மா பக்கத்துல வந்து உட்கார்ந்தாங்க. தலையைக் கோதி விட்டாங்க. "காலைல போனதும் அதுங்ககிட்ட, நான் பொய் சொன்னேன்னு சொல்லணும். எலி ஒரு பார்வை பார்ப்பா பாரு."

"பயமா இருக்கா?"

"உனக்கு?"

"இருக்கு."

"எனக்கும்." அம்மா எந்திரிச்சாங்க. "குட்டிக்கு எந்தப் பக்கம் வீக்?"

"அம்மா."

"சும்மா கேட்டேன். போய்ப் படு."

9

முடிவு ஒண்ணு. குட்டி எல்லாத்தையும் பிடிச்சுடறா. டிரா. ஸ்டேஷனுக்குக் கப். கீப்பர் தொண்டை கட்டிப்போய்க் குதிக்கறா. குட்டி மேல கொஞ்சம் பொறாமையும் படறா. (பொறாமையை எடுத்துடலாம்னு பார்த்தேன். இருக்கட்டும்.)

முடிவு ரெண்டு. கடைசி நேரத்துல எலி ஒரு சந்துல பூந்து அடிச்சுடறா. மில்லுக்குக் கப். ஸ்டேஷன்ல ஒருத்தரும் கீப்பரோட பேசறதில்ல. "அம்மா ஜெயிக்கணும்னுதான் தோள் வலின்னு படுத்துட்டா"ன்னு யாரோ ஆரம்பிச்சு வெக்கறாங்க. டாக்டர் சீட்டைக் காட்டினாலும் நம்பறதில்ல. (என் பயம் இதான்.)

முடிவு மூணு. மழை. மேட்ச் ரத்து. (திருட்டு முடிவு. அடிச்சுட்டேன்.)

எனக்கு இதுல எதையும் தேர்ந்தெடுக்க வரல. ஒண்ணுல அம்மா தலை குனியறாங்க, இன்னொண்ணுல நான். அதனால மேட்ச்சை நீங்களே ஆடிக்கோங்க. எந்த டீமைப் பிடிக்குதோ அதை ஜெயிக்க வைங்க. குட்டியை மட்டும் ரொம்ப அழ வெக்காதீங்க, பாவம்.

ஒரே ஒரு கண்டிஷன். எங்க வீட்டுல ஸ்கூட்டர் ஒண்ணுதான். யார் ஜெயிச்சாலும், யார் பேசினாலும் பேசாட்டாலும், மேட்ச் முடிஞ்சு அம்மாவும் கீப்பரும் அதுலதான் வீட்டுக்கு வரணும். அம்மா ஓட்டுவாங்க. பின்னாடி உட்கார்ந்து இடுப்பைக் கட்டிக்க நல்ல கை ஒண்ணு போதும். அதை மட்டும் மாத்தாதீங்க.