வாக்ஓவர் இன்பசேகரன்

எங்கள் கல்லூரியின் கால்பந்துக் கோச் இன்பசேகரனுக்குப் பணி நிறைவு விழா என்று அழைப்பிதழ் வந்தது. அதில் 'வெற்றி நாயகன்' என்று அச்சடித்திருந்தார்கள். நாயகனாம்! அந்த மனுஷன் பந்தை உதைத்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை. வெள்ளைக் கேன்வாஸ் ஷூவில் புழுதி பட்டால் முகம் சுண்டிப்போகும். அவர் எங்களுக்குச் சொல்லித்தந்த வித்தையெல்லாம் "ஏறி அடிங்கடா" என்பதுதான். தோற்றால் எங்களுக்கு டிசிப்ளின் இல்லை, ஜெயித்தால் அவருடைய கோச்சிங். அவர் கோச்சிங்கில் ஜெயித்தது ஒரே ஒரு கோப்பை, எழுபத்தாறில். அதை எப்படி ஜெயித்தார் என்பது அன்றைக்குத் தடுப்பு வரிசையில் பேக் ஆட வேண்டியிருந்த எனக்குத் தெரியும்.

எங்கள் ஃபார்வர்டு ஜியாவுல்லா மேல்விஷாரத்துக்காரன். அவன் அப்பா டேனரியில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் நின்று தோல் புரட்டுகிறவர். அந்த வருஷம் இறுதி ஆட்டத்தைப் பார்த்துப் பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுக்க மெட்ராஸிலிருந்து ஒருவர் வந்திருந்தார்.

"இன்னிக்கி ஆடிட்டா போதும் தோஸ்த்" என்றான் ஜியாவுல்லா, பூட்ஸ் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டே. "யூனிவர்சிட்டி டீமு, அப்புறம் ரயில்வே வேலை. அந்தத் தொட்டியில நான் எறங்க மாட்டேன்."

திருப்பத்தூர் அணிதான் எதிரணி. நேரமாகியும் அவர்களைக் காணோம். பள்ளிகொண்டா பக்கம் பஸ் டயர் வெடித்து, லாரி பிடித்து வந்துகொண்டிருப்பதாகத் தகவல் வந்தது.

"கொஞ்சம் பொறுக்கலாம் சார்" என்றார் நடுவர் அப்துல் கஃபார்.

இன்பசேகரன் கைக்கடிகாரத்தை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். "டைம் ஆச்சி. ரூல்னா ரூல். வாக்ஓவர் குடுங்க." எதிரணி வராவிட்டால் ஆடாமலே வெற்றி, அதுதான் வாக்ஓவர்.

ஜியாவுல்லா ஓடி வந்தான். "அவங்க வரட்டும் சார். கண்டிப்பா ஜெயிச்சிடுவோம் சார். நான் ஆடணும் சார்."

"ஜெயிச்சாச்சே, இன்னும் இன்னாடா?"

மெட்ராஸ்காரர் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிப் போனார். அவரை நிறுத்தி ஒரு வார்த்தை சொல்ல இன்பசேகரனுக்கு நேரமில்லை, கோப்பையை அணைத்துக்கொண்டு போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தார். அப்போதுதான் லாரி வந்தது. திருப்பத்தூர்ப் பையன்கள் பூட்ஸோடு குதித்தார்கள். அவர்களைப் பார்த்து "லேட்டு" என்று சொல்லிவிட்டு மறுபடி கேமராவுக்குப் பல்லைக் காட்டினார்.

அடுத்த கோடையில் ஜியாவுல்லா தொட்டிக்குள் இறங்கினான்.

இன்பசேகரன் அந்த ஒரு கோப்பையை வைத்தே பிழைத்தார். மாவட்டக் கமிட்டியில் நாற்காலி கிடைத்தது. பள்ளிக்கூட விழாக்களில் விளையாட்டு வீரனின் பெருந்தன்மை பற்றி, வெட்கமே இல்லாமல், மணிக்கணக்கில் பேசினார். பையன்கள் முதுகுக்குப் பின்னால் 'வாக்ஓவர்' என்று கத்துவார்கள். எதிரியை நடந்தே தாண்டுகிறவர் என்று பாராட்டுவதாக நினைத்தாரோ என்னவோ, திரும்பிக் கையசைப்பார்.

இப்போது எண்பத்தெட்டில் அவருக்குப் பணி நிறைவு விழா. அவருடைய இந்நாள் அணிக்கும் பழைய மாணவர்களுக்கும் ஒரு காட்சி ஆட்டம். எங்கள் கேப்டன் ஜியாவுல்லா என்று விழாக்காரர்களே போட்டுவிட்டார்கள். நாங்கள் ஒருவர் விடாமல் போனோம். போய், கல்லூரி வாசலுக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்துகொண்டோம். உள்ளே பந்தலில் பிரின்சிபாலும் விருந்தாளிகளும் வியர்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆட்ட நேரம் தாண்டியதும் இன்பசேகரனே மூச்சிரைக்க வாசலுக்கு ஓடி வந்தார். அவர் ஓடி அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"எல்லாரும் இங்கதான் கீறீங்களா? வாங்கப்பா, உள்ள பெரிய மனுஷங்க காத்துனு இருக்காங்க. மானம் போவுது."

ஜியாவுல்லா சுண்ணாம்பு அரித்த விரல்களால் டீ கிளாஸைக் கீழே வைத்தான். அவனிடம் கைக்கடிகாரம் இல்லை. என் கையைப் பிடித்துத் திருப்பி மணி பார்த்தான்.

"டைம் ஆச்சி சார். ரூல்னா ரூல்."

"ஜியா, வெளையாடாதடா. இன்னிக்கி ஒருநாள்..."

"ஜெயிச்சாச்சே, இன்னும் இன்னா சார்?"