திரைக்குப் பின்னால் யாருமில்லை

1952 ஜனவரியில் திருவொற்றியூர்க் கடலோரக் குப்பத்தில் முதல் பொதுத் தேர்தல். கரைவலைக்குச் சொந்தக்காரரான கோதண்டம் வீடு வீடாகச் சொல்லி அனுப்பியிருந்தார்: தான் கைகாட்டிய பெட்டியில் சீட்டு விழாவிட்டால் அந்த வீட்டு ஆணுக்கு வலையில் வேலை இல்லை. யார் எதில் போடுகிறார்கள் என்று பார்க்க, ஓட்டுப் போடும் இடத்துத் திரைக்குப் பின்னால் தன் ஆள் இருப்பான்.

பவுனம்மாளின் கணவன் பொன்னுரங்கம் அந்த வலையில்தான் கயிறு இழுத்தான். மீன் கூடையை ஓட்டுச்சாவடியான பள்ளிக்கூடத்தின் வாசலில் இறக்கிவிட்டு, பெண்கள் வரிசையில் அவள்தான் முதலில் உள்ளே போனாள். திரைக்குப் பின்னால் ஆளில்லை. வேட்பாளருக்கு ஒன்றாக, சின்னம் ஒட்டிய பெட்டிகள் மட்டுமே இருந்தன. தான் நினைத்த பெட்டியிலேயே சீட்டைப் போட்டாள்.

வெளியே கோதண்டம், சத்தியம் வாங்க, தட்டில் எரியும் சூடத்தோடு மறித்தார்.

"இன்னா பவுனு, எந்தப் பொட்டில போட்ட? சூடத்த அணைச்சு சொல்லு."

"உன் ஆளு உள்ள குந்திகினு கீறான்னு சொன்னியே நைனா, அவனையே கேளேன்."

அவள் வரிசையின் பக்கம் திரும்பி, மீன் விற்கும் குரலில் கூவினாள்.

"ஏய் நீலா! இவுருக்கு ஒண்ணும் தெரியாதுடி. தெரிஞ்சா என்னை ஏன் கேக்குறாரு? தைரியமா போங்கடி!"

மறுநாள் காலை கோதண்டம் பொன்னுரங்கத்திடம், கயிற்றைத் தொடாதே என்றார். அவனோடு வலை இழுக்கக் கரையில் நின்ற முப்பது பேரும் கயிற்றைத் தொடவில்லை. மீன் நிறைந்த வலை அலையில் கிடந்தது.

கடைசியில் கோதண்டமே வாய்திறந்தார்.

"இழுடா, பொன்னுரங்கம்."